சபூரா லாத்தா பார்க்காத நகங்கள்

சபூரா லாத்தா யாரிடமும் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. வாசலில் நின்று நாம் சலாம் சொன்னால், பதில் சலாம் நம்முடைய விரல்களுக்குத்தான் போகும். பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும். கண் மட்டும் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு நகமாக மேய்ந்துகொண்டிருக்கும். சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், மோதிரத்தைப் பார்க்கிறாள் போலிருக்கிறது, ஆசைக்காரி என்று நினைத்துக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். பழகிய நாங்கள் கேட்காமலே கையை நீட்டிவிடுவோம்.

அக்காவை லாத்தா என்பது எங்களவர் வழக்கம். வயதில் மூத்தவர்கள்கூட அவளை லாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். பினாங்கில், சூலியா தெருவிலிருந்து உள்ளே பிரியும் சந்தில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சுவர். அவள் மகள் சல்மாவும் நானும் ஒரே ஓதுகிற பள்ளியில் ஓதினோம். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மி உருளும் சத்தம் கேட்டால், இன்றைக்கு யாருக்கோ மருதாணி என்று இந்தப் பக்கத்தில் தெரிந்துவிடும். நூர்ஜான் இப்படி எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டுதான் இருந்தாளா என்று கேட்டால், ஆமாம், இருந்தேன். அந்தச் சந்தில் வேறு என்ன வேலை?

லாத்தாவைக் கட்டிய மாப்பிள்ளை மீரா சாகிப் ரங்கூன் கப்பலில் வேலைக்குப் போனவர். ஒரு தடவை கப்பல் வந்தது, அவர் வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டார், கடலிலேயே இறக்கிவிட்டோம் என்று கூட வேலை பார்த்தவர் வந்து தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டுப் போனார். அப்போது சல்மா தவழ்கிற பிள்ளை. கைம்பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா நாட்களை முடித்த கையோடு லாத்தா கல்யாண வீடுகளுக்கு மருதாணி இடப் போக ஆரம்பித்தாள். இலை அரைப்பதில் அவளுக்கு ஒரு கை இருந்தது. கொட்டைப்பாக்கும் கெட்டித் தேயிலைத் தண்ணீரும் எந்த அளவில் சேர்ப்பாளோ, அவள் இட்ட நகம் கருஞ்சிவப்பாகப் பற்றினால் நகம் வளர்ந்து வெட்டுப்பட்டுப் போகிறவரைக்கும் மங்காது.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. கைம்பெண் கை வெறுங்கையாக இருக்க வேண்டும். இத்தா முடிந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று மார்க்கம் சொன்னாலும், எங்கள் சந்து சொல்லாது. எங்கள் சந்துக்கு மார்க்கத்தைவிட வாய் பெரிது. மருதாணி இடுகிறவளின் கையே வெளுத்துக் கிடந்தால் எந்த உம்மா தன் மகள் கையை ஒப்படைப்பாள்? அதற்கு லாத்தா கண்ட வழி சல்மாவின் கை. மூன்று வயதிலிருந்து அந்தப் பிள்ளையின் பத்து விரலும் சிவந்தே இருந்தன. கல்யாணம் பேச வருகிறவர்கள் முன்னால் சல்மா தேயிலைத் தட்டோடு வந்து நிற்பாள். அவர்கள் தேயிலையை எடுக்க மறந்து விரல்களைப் பார்ப்பார்கள். கடைக்காரன் வாசலில் பலகை மாட்டுவதுபோல லாத்தா தன் மகளின் கையை மாட்டி வைத்திருந்தாள். அடியில் புது நகம் ஒரு நூல் அளவு வெளுத்துத் தெரிந்தாலும் உடனே உட்கார வைத்து அதையும் நிரப்பிவிடுவாள். சல்மாவின் நகம் என்ன நிறம் என்று சல்மாவுக்கே தெரியாது.

நகம் பார்க்கும் வித்தையை லாத்தாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொழிலே கொடுத்தது. மருதாணிக்கு முன்னால் மணப்பெண்ணின் கையை அரிசி கழுவிய தண்ணீரில் கழுவித் துடைத்து, சன்னல் பக்கம் உட்கார வைத்து, ஒவ்வொரு நகமாகத் தூக்கிப் பார்ப்பாள். கெட்டுப்போன நகத்தில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், பிறகு பழி அவள் இலைமேல் விழும். அந்தப் பயத்தில்தான் பார்க்கத் தொடங்கினாள். எத்தனையோ கைகளைப் பார்த்துப் பார்த்து, எந்த நகம் எந்த வீட்டில் என்ன ஆயிற்று என்று மனதில் சேர்த்து வைத்துக்கொண்டாள். பத்து நகத்திலும் ஒரே இடத்தில் குறுக்கே பள்ளம் விழுந்திருந்தால் அந்தப் பெண் பெரிய காய்ச்சலில் படுத்து எழுந்தவள். பள்ளம் அடியிலிருந்து எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்த்து, மழைக்கு முன்னாலா பின்னாலா என்றுகூடச் சொல்வாள். சொல்வது பெண்ணின் உம்மா காதில் மட்டும். வெளியே ஒரு வார்த்தை வராது. அதனால்தான் எல்லோரும் அவளை நம்பினார்கள்.

ஒரு மணப்பெண்ணின் நகங்கள் காகிதம்போல் வெளுத்து, நடுவில் குழிந்து கரண்டிபோல் இருந்தன. லாத்தா மருதாணிக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டாள். "இந்தப் புள்ள ஒடம்புல ரத்தமே இல்ல. கல்யாணத்தத் தள்ளிப் போடுங்க, ஈரலும் முருங்கக் கீரையும் குடுங்க" என்றாள். தள்ளிப் போட்டார்கள். பெண் தேறினாள்.

துணி வெளுக்கும் முனுசாமிக்குக் கால் நகங்கள் மஞ்சளாகத் தடித்து, கடலைப் புண்ணாக்குபோல் உதிர ஆரம்பித்தன. பெருநோய் என்று சந்தே அவனை ஒதுக்கியது. துணியை அவனிடம் போட மறுத்தார்கள். பெருநோய்க்காரர்களை அடைத்து வைக்கும் தீவுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அவன் பெண்சாதி தனலெட்சுமி வாசலில் வந்து அழுதாள். லாத்தா அவனை வாசல் நடைபாதையான அஞ்சடியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கால்விரலில் ஊசியால் ஒரு குத்து. அவன் போட்ட கூச்சலில் எதிர்க்கடைப் பூனை ஓடிப்போயிற்று. "வலிக்குதுல்ல? அப்ப பெருநோய் இல்ல. தண்ணிலயே நிக்கிற காலு, சொத்த புடிச்சிருக்கு. ராவுல கால ஈரமில்லாம தொடச்சிட்டுப் படு, போ" என்றாள். அன்று சந்தே சிரித்தது. மறுநாள் அவனிடம் துணி போட்டது.

எப்போதும் அப்படி முடிந்துவிடவில்லை. ரொட்டி விற்ற அலாவுதீனின் விரல் நுனிகள் உருண்டு, நகம் கிளி மூக்காக வளைந்ததைப் பார்த்துவிட்டு லாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு என் உம்மாவிடம், "நெஞ்சுக்குள்ள ஏதோ இருக்கு. சொல்லி என்ன பண்ண? எனக்குப் பாக்கத்தான் தெரியும்" என்றாள். அடுத்த நோன்புக்கு முன் இருமி இருமியே அவர் அடங்கிப்போனார். தனக்கு எவ்வளவு தெரியும், எங்கே தெரியாது என்பது அன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு சந்து கொடுத்த மரியாதையில் அது மங்கிப்போயிற்று என்று நினைக்கிறேன். மரியாதையை அளவு தெரியாமல் கொடுப்பதிலும், பிறகு பிடுங்குவதிலும் எங்கள் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

சல்மாவைக் கட்டியவர் ஹபீப் முகம்மது. அக்கரையில் நிபோங் திபால்காரர், துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை இறக்குவதை மேற்பார்க்கும் வேலை. எங்களவரில் பலர் செய்வதுபோல் பெண்வீட்டிலேயே வந்து இருந்தார். சாது. மாமியார் பேச்சுக்கு மறுபேச்சு அறியாதவர். சல்மாவுக்கு முதல் கர்ப்பம் நாலாம் மாதத்தில் ரத்தமாகப் போயிற்று. இரண்டாவது பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது, அப்போதும் ரத்தம் நிறையப் போயிற்று. மூன்றாவதாக அவள் முழுகாமல் இருந்தது, ரப்பர் விலை விழுந்து ஊரே சுருண்டு கிடந்த காலத்தில்.

அந்தத் தடவை அவள் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுவாள். அம்மி இழுத்தால் மூச்சு வாங்கும். பானையிலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்றாள். "மசக்கதானே உம்மா" என்று அவளே சொல்வாள். "மசக்கதான்" என்று லாத்தாவும் சொல்வாள்.

அந்த நாளில் கவர்மெண்டு தாய் சேய் கிளினிக்கிலிருந்து, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒருத்தி வீடு வீடாக வருவாள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, தோல் பை ஒன்று. யாழ்ப்பாணத்துப் பெண், கல்யாணமாகாதவள். அவள் தமிழைக் கேட்டுச் சந்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவள் கண்டுகொள்ள மாட்டாள். அவள் சல்மா வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"கையை இப்பிடி வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்கோ பிள்ளை" என்றாள். சல்மா நீட்டினாள். மிஸ்ஸி விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன, எல்லா நகமும் மருதாணி. உள்ளுக்குள்ள நிறம் என்னெண்டு நான் பார்க்கிறது?" என்றாள். பிறகு கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். கண்ணில் தீட்டிய சுர்மா கரைந்து கண்ணீராக ஓடியது. "ரத்தம் நல்லாக் குறைஞ்சு போச்சுப் போல கிடக்கு. பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியிலதான் நடக்கவேணும். வீட்டில வேண்டாம், அம்மா."

லாத்தா மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எம்மவளுக்கு ரத்தமில்லேன்னு எங்கிட்டயே சொல்றியா? இந்த சந்துல யாரு நகத்துல என்ன இருக்குன்னு எங்கிட்டதான் வந்து கேப்பாங்க, தெரியுமா?"

மிஸ்ஸிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும், சண்டை போட்டாவது தீர்ந்திருக்கும். "சந்தோசம். அப்ப நீங்களே பாருங்கோ. மருதாணியை விட்டுவிடுங்கோ. நகம் வளரட்டும். அடுத்த மாசம் நான் வருவன், ரெண்டு பேருமாச் சேர்ந்து பார்ப்பம்" என்று சொல்லி, ஒரு புட்டி மருந்தும் கொடுத்துவிட்டுப் போனாள். மருந்து இரும்புத் துருபோல் நாறியது. இரண்டு வேளை குடித்தாள், பல் கறுத்தது, வாந்தி எடுத்தாள். புட்டி சாமான் அடுக்குக்குப் போய்விட்டது.

மருதாணியை மட்டும் விட்டாள். சல்மாதான் பிடிவாதமாக இருந்தாள். "அந்த மிஸ்ஸி பாவம் உம்மா, வெயில்ல வருது. பாத்துட்டுப் போவட்டுமே" என்றாள். லாத்தாவும் முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டாள். வாரங்கள் போகப் போக, சிவப்புக்கு அடியில் புது நகம் கீற்றாகத் தெரிய ஆரம்பித்தது.

அவ்வளவுதான், சந்தின் வாய் திறந்துகொண்டது. "என்ன லாத்தா, சல்மா கை வெளுத்துக் கெடக்கு? வவுத்துப் புள்ளக்காரி கை அப்படி இருக்கலாமா?" என்று ஒருத்தி. "ஹபீப் காக்காவுக்குக் கிட்டங்கில ஏதும் ஆயிடலியே?" என்று இன்னொருத்தி, அவர் மாடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே. லாத்தாவின் இலைக்கு இப்போது பிடிப்பில்லையாம், மகளுக்கே மங்கிப்போயிற்றாம் என்று பாசார்வரைக்கும் பேச்சுப் போயிற்று. சட்டியில் ஒன்றுமில்லாத காலத்தில் பேசுவதற்காவது ஏதாவது வேண்டுமே.

அந்தச் சமயத்தில்தான் பினாங்கு தெருப் பெரிய வீடு ஒன்றிலிருந்து ரொஸ்னா என்ற பெண்ணுக்குக் கல்யாண மருதாணி பேச வந்தார்கள். சல்மா தேயிலைத் தட்டோடு வந்தாள். ரொஸ்னாவின் உம்மா அந்த விரல்களைப் பார்த்தார்கள், பிறகு லாத்தாவைப் பார்த்தார்கள், "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்கள். தேயிலை அப்படியே ஆறியது.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மி உருண்டது. நான் ஓடினேன். சல்மா பாயில் உட்கார்ந்திருந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு. லாத்தா கிண்ணத்தில் இலையை வழித்துக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, மிஸ்ஸி வந்து பாக்கணும்னு சொன்னாளே?" என்றேன்.

"நான் பாக்க மாட்டேனா? அவ என்ன பாக்குறது?" என்று சொல்லி மகளின் கையைப் பிடித்தாள். சன்னல் பக்கம் கொண்டுபோகவில்லை. ஊரார் மகள்களை எல்லாம் சன்னல் பக்கம் உட்கார வைத்தவள், தன் மகளை அடுப்படி இருட்டிலேயே வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் தட்டையாகிவிட்டிருந்தது. "மாவு பெசைஞ்சு பெசைஞ்சு தேஞ்சுபோச்சு" என்றாள். யாரும் கேட்கவில்லை, தானாகவே சொன்னாள். அடியில் வளர்ந்திருந்த கீற்று வெள்ளையாக இருந்தது. "அடில எல்லாருக்கும் வெள்ளதான். அரவட்டமா இருக்கும், பாத்ததில்லையா?" என்று என்னிடம் தன் கட்டைவிரலைக் காட்டினாள். உண்மைதான், அவள் கட்டைவிரலிலும் வெள்ளை அரைவட்டம் இருந்தது. எனக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும். சுண்டுவிரலில் அந்த அரைவட்டம் பெரும்பாலும் தெரியாது என்பது லாத்தாவுக்குத் தெரியும். சல்மாவின் சுண்டுவிரல் கீற்றும் வெள்ளையாகத்தான் இருந்தது. லாத்தா அதன்மேல் கண்ணை வைத்தாள், எடுத்தாள். பிறகு இலையை எடுத்து ஒவ்வொரு நகமாக அப்பினாள்.

மிஸ்ஸி சொன்னபடி வந்தாள். நகங்கள் வேர்வரைக்கும் சிவந்திருந்தன. குடையை மடக்காமலே நின்றாள். "நான் என்ன சொன்னனான், நீங்கள் என்ன செய்திருக்கிறியள்?" என்றாள். அன்று ஹபீப் முகம்மதும் வீட்டில் இருந்தார். அவரிடம் திரும்பி, "ஐயா, இவவுக்கு மூச்சு வாங்கிறதைப் பாருங்கோ. கொஞ்ச ரத்தம் போனாலும் தாங்கமாட்டா. எப்பிடியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்கோ" என்றாள்.

அவள் போன பிறகு அவர் மாமியார் முகத்தைப் பார்த்தார். "என்ன மாமி செய்யலாம்?"

சல்மா கதவோரம் நின்று மெதுவாகச் சொன்னாள். "உம்மா, நான் ஆஸ்பத்திரிக்கே போறேனே. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"ஆம்பள டாக்டரு வந்து நிப்பான். வெக்கமா இல்ல ஒனக்கு?" என்று மகளை அடக்கிவிட்டு, மருமகன் பக்கம் திரும்பி லாத்தா அந்த வார்த்தையைச் சொன்னாள். "நான் பாத்துட்டேன் மருமவனே. ஒண்ணுமில்ல. வீட்டுலயே புள்ள எடுக்க நம்ம பீடான் காமாரியா போதும்."

"மாமி பாத்தாச்சுன்னா சரி" என்றார் அவர். அவர் முகத்தில் பாரம் இறங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆளின் நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு லாத்தாமேல் ஆத்திரம் வரும்.

வலி கண்டது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். காமாரியா கைராசிக்காரி, சந்தின் பாதிப் பிள்ளைகளை ஏந்தியவள், தமிழும் மலாயும் கலந்து பேசும் பீடான். ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம் பெண்குழந்தை பிறந்தது. அழுதது. எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் காமாரியா சிரிப்பை நிறுத்தினாள்.

"எல்லாப் பொம்பளைக்கும் போற ரத்தந்தான் லாத்தா. கூடப் போகல. சும்பா, சத்தியமா கூடவே இல்ல. ஆனா புள்ள கண்ண முழிக்க மாட்டேங்குதே."

மற்றப் பெண்கள் இழந்துவிட்டு எழுந்து கஞ்சி குடிக்கிற அளவுதான் போயிருந்தது. சல்மாவிடம் அந்த அளவு இல்லை. உதடு சாம்பலாயிற்று. "உம்மா, குளுருது" என்றாள். அந்த உச்சி வெயிலில் வீட்டிலிருந்த துணியை எல்லாம் போட்டுப் போர்த்தினோம். நான் தெருமுனைக்கு ஓடி ரிக்‌ஷாவைக் கூட்டிவந்தேன். பாயோடு தூக்கிப் படியில் இறக்கும்போதே கை பக்கவாட்டில் தொங்கிவிட்டது. பள்ளியிலிருந்து தொப்பியும் புதுக் கைலியுமாக ஹபீப் முகம்மது சந்துக்குள் நுழைந்தார். யாரும் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சல்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது பெற்றவள் வேண்டாம், தள்ளி இருக்கட்டும் என்றார்கள். லாத்தா கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் இல்லாமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். தலை, வலப்பக்கம், இடப்பக்கம் என்று முறைப்படி கழுவிக்கொண்டு வந்து கடைசியில் காலுக்கு வந்தோம்.

எங்கள் வீடுகளில் காலுக்கு மருதாணி இடுவதில்லை. மரியாதை இல்லை என்பார்கள். சல்மாவின் கால் நகங்களில் ஒரு நாளும் சிவப்பு ஏறியதில்லை. பிறந்ததிலிருந்து மறைக்காமல் அவை அங்கேயேதான் இருந்தன. முனுசாமியின் காலைக்கூடத் தூக்கிப் பார்த்த லாத்தா, கைகளையே பார்த்துப் பார்த்துப் பழகிய லாத்தா, பெற்ற மகளின் காலைக் குனிந்து பார்த்ததில்லை.

நான் தண்ணீரை ஊற்றினேன். வழிந்து ஓடியது. வலது கால் பெருவிரல் நகத்தில் மட்டும் ஒரு சொட்டு ஓடாமல் நின்றது. நகம் அவ்வளவு குழிந்திருந்தது. இடது காலிலும் அப்படியே ஒரு சொட்டு. உயிர் பிரிந்து மௌத்தானால் எல்லா நகமும் வெளுத்துப்போகும், அது வேறு. குழி ஒரு நாளில் விழுகிறதல்ல. லாத்தா அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரலால் அதைத் துடைத்தாள். நான் மறுபடி ஊற்றினேன். மறுபடி நின்றது. அப்போதுதான் அவள் கத்தினாள். பெற்ற வயிற்றின் கதறல் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சொட்டைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

சந்துக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. காமாரியாவைச் சொல்ல முடியாது, எல்லோருக்கும் அவள் வேண்டும். ஆகவே மிஸ்ஸி. வயிற்றுப்பிள்ளைக்காரி வாசலில் நின்று ரத்தமில்லை, தாங்கமாட்டாள் என்று நாக்கைப் போட்டாளே, அந்த நாக்குத்தான் பலித்தது என்றார்கள். மிஸ்ஸி குடையோடு சந்துக்குள் வந்தபோது கதவுகள் சாத்தப்பட்டன. பிள்ளைகள் சிரிக்கவில்லை, மண்ணை அள்ளி வீசின. அவள் சல்மா வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். மேலும் இரண்டு பெண்கள் அப்போது சந்தில் முழுகாமல் இருந்தார்கள்.

சல்மாவுக்காகப் பாத்திஹா ஓதிய அன்று வீடு நிறையப் பெண்கள். ஆண்கள் முன்கட்டில், நடுவில் திரை. சோறு பரிமாறும்போது பேச்சு மறுபடி மிஸ்ஸிமேல் போயிற்று. லாத்தா பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் இருந்தாள். திடீரென்று நிமிர்ந்து, முதல்தடவையாக எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசினாள்.

"மிஸ்ஸி சொன்னது சரி. எம்மவளுக்கு ரத்தமில்ல. பாத்துட்டேன்னு சொன்னேன், நான் பாக்கல. வெள்ளையா தெரிஞ்சதுமேல பூசிட்டேன். நாந்தான் அவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பல. வீட்டுல புள்ளத்தாச்சி இருந்தா மிஸ்ஸிக்குக் கதவத் தொறங்க."

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் சட்டியைக் கீழே வைத்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "அப்படிலாம் சொல்லாத லாத்தா, அல்லாட நாட்டம்." "பெத்த மனசு, எதையாவது சொல்லத்தான் செய்யும்." "யாராச்சும் தண்ணி குடுங்க லா." அவள் வாழ்நாளெல்லாம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் வேதம்போல் நம்பியவர்கள், இந்த ஒன்றை மட்டும் நம்ப மறுத்துவிட்டார்கள். "நெசமா சொல்றேன்" என்று அவள் கெஞ்சினாள். முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். எனக்கு அவர்கள் கைகளைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் அற்றுப்போயிருந்தது. நம்பியவர் ஒருவர் இருந்தார்.

மறுநாள் காலை ஹபீப் முகம்மது வந்து, பிள்ளையை நிபோங் திபாலில் தன் அக்கா வீட்டில் விடப்போவதாகச் சொன்னார். சத்தம் போடவில்லை. "நீங்க பாத்துட்டதா சொன்னீங்க மாமி" என்று அதை மட்டும் சொன்னார். லாத்தா பிள்ளையின் துணிகளை மடித்து மூட்டை கட்டினாள். படகுத்துறைவரைக்கும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

அக்கரைக்குப் போகும் படகு புறப்படத் தயாராக நின்றது. கொடுக்குமுன் லாத்தா பிள்ளையைக் கடல் பக்கத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். துணியை விலக்கி, கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு கால். அரிசி முனை அளவு நகங்கள், ஒன்றையும் விடவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன், ரோஜா நிறமாக இருந்தன. பார்த்து முடித்துப் பிள்ளையை அவர் கையில் வைத்து, "நல்லா இருக்கு மருமவனே. ஒரு கொறையும் இல்ல" என்றாள்.

அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு, லாத்தா மூடிவிட்ட துணியை மறுபடி விலக்கி, அந்தக் கால்விரல்களைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டுப் படகில் ஏறினார்.